பேண்ட் வரவில்லை, வந்த பேண்டும் சரியில்லை: காட்டு மாதிரிகளின் பிசிஆருக்கு அறிகுறி வாரியான பிழை நீக்கம்

பிசிஆர் என்பது டிஎன்ஏவின் ஒரு குறிப்பிட்ட துண்டைப் பல கோடிப் பிரதியாகப் பெருக்கும் முறை; பெருகிய துண்டை ஜெல்லில் மின்சாரம் விட்டு ஓட்டினால் ஒரு பட்டையாக, அதாவது பேண்டாகத் தெரியும். பிசிஆர் கிட் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் பிழை நீக்கும் பக்கம் ஒன்று எப்போதும் இருக்கும். அதை எழுதியவர்கள் சுத்தமான மாதிரியை மனத்தில் வைத்து எழுதியிருப்பார்கள்: ரத்தம், வளர்ப்புச் செல், ஆய்வக எலியின் வால் நுனி. சூழலியலும் பரிணாமமும் படிக்கிறவர் கைக்கு வருவது வேறு மாதிரி. மழையில் ஊறிய சிறுத்தை எச்சம் (மலம்), எத்தனால் பாதி ஆவியாகிப்போன ட்யூபில் ஒரு தவளைத் தசைத் துணுக்கு, பிச்சாவரத்து அலையாத்தி இலை, அருங்காட்சியகப் புட்டியில் பல ஆண்டு கிடந்த பல்லி. இவற்றுக்கு அந்தத் தாளில் விடை கிடைப்பது அரிது. அதனால் எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்குச் சொல்லிவருவதை இங்கே எழுதிவைக்கிறேன்.

அறிகுறிகளைக் கண்ணுக்கு உடனே தெரிபவற்றில் தொடங்கி, தெரியாமல் ஒளிந்திருப்பவை வரை வரிசைப்படுத்தியிருக்கிறேன். வெறும் ஜெல்லைப் பார்த்து மனம் உடைந்துபோகிற மாணவர்கள் நிறைய. உண்மையில் வெறும் ஜெல் யாரையும் ஏமாற்றாது. வேலை நடக்கவில்லை என்று நேராகச் சொல்லிவிடுகிறது. எனக்குக் கவலை தருவது பளிச்சென்ற பேண்ட், சுத்தமான வரிசை, ஆனால் தவறான விலங்கு என்ற நிலைதான். அது கட்டுரைக்குள் போகும், தரவுத்தளத்தில் ஏறும், ஒரு காட்டில் எத்தனை புலி என்ற கணக்கிலும் சேரும். ஆகவே அவசரத்தில் படிக்கிறவர்கள் பின்பாதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

எதைத் தொடும் முன்னும்: கன்ட்ரோல் ட்யூப்கள் என்ன சொல்கின்றன?

ஒவ்வொரு ஓட்டத்திலும் குறைந்தது மூன்று கன்ட்ரோல் வேண்டும். முன்பு நன்றாக வேலை செய்த டிஎன்ஏ போட்ட பாசிட்டிவ். டிஎன்ஏவுக்குப் பதில் தண்ணீர் விட்ட பிசிஆர் பிளாங்க். மாதிரியே இல்லாமல் டிஎன்ஏ பிரித்தெடுக்கும் எல்லாப் படிகளையும் கடந்து வந்த எக்ஸ்ட்ராக்‌ஷன் பிளாங்க். குளத்து நீரை வடிகட்டிச் சூழல் டிஎன்ஏ தேடுகிறவர்களுக்கு நான்காவதும் உண்டு: களத்துக்கே எடுத்துப்போன சுத்தமான தண்ணீரை அங்கேயே, அதே பம்பில் வடிகட்டிய ஃபில்டர்.

பாசிட்டிவும் இல்லை, மாதிரியும் இல்லை என்றால் கோளாறு வேதிப்பொருளில் அல்லது கருவியில். பாசிட்டிவ் வந்து மாதிரி மட்டும் வரவில்லை என்றால் மாதிரியில். பிளாங்கிலும் பேண்ட் வந்தால், அன்றைய ஜெல்லில் மற்ற எந்தப் பேண்டையும் நம்பக் கூடாது. இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரியாமல், பிரைமர் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் குறுந்துண்டு) டிஎன்ஏவில் ஒட்டும் அனீலிங் வெப்பநிலையை ஏற்றி இறக்கிப் பார்ப்பதில் பயனில்லை.

அறிகுறி: ஜெல் முழுக்க இருட்டு, பாசிட்டிவ் கூட வரவில்லை

லேடரைப் பாருங்கள், அதாவது மாதிரிகளுக்குப் பக்கத்தில் ஓட்டும் நீளம் தெரிந்த துண்டுகளை. லேடரும் தெரியவில்லை என்றால் பிசிஆரைக் குறை சொல்ல இன்னும் காரணம் கிடைக்கவில்லை. சாயம் போட மறந்திருக்கலாம், மின்முனையை மாற்றிச் சொருகியிருக்கலாம், பழைய பஃபரில் ஓட்டியிருக்கலாம், ஜெல்லை அதிக நேரம் ஓடவிட்டதில் சின்ன துண்டுகள் வெளியேறியிருக்கலாம். பிசிஆர் ட்யூபில் மிச்சம் இருந்தால் புது ஜெல்லில் மறுபடி ஓட்டினால் போதும்.

லேடர் நன்றாக இருக்கிறது, மற்றது எதுவும் இல்லை என்றால் வேதிப்பொருள்களைச் சேர்த்துக் கலந்த மாஸ்டர் மிக்ஸில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. பெரும்பாலும் தனி ட்யூபில் வரும் மெக்னீசியம் குளோரைடு, சில சமயம் டிஎன்ஏவைப் பிரதியெடுக்கும் நொதியான பாலிமரேஸ். புது டிஎன்ஏவுக்கு எழுத்துகளைத் தரும் டிஎன்டிபி அடிக்கடி உறைந்து உருகினால் சிதைந்துவிடும். வாங்கிய அன்றே சிறு ட்யூப்களில் பிரித்து வைத்துவிட வேண்டும். கூடவே கருவியின் ஓட்டப் பதிவையும் திறந்து பாருங்கள். நடுவில் கரண்ட் போய் வந்திருந்தால் பல கருவிகள் அதைப் பதிந்துவைக்கும். யுபிஎஸ் இல்லாத ஆய்வகத்தில் மதிய ஓட்டம் தோற்று இரவு ஓட்டம் ஜெயிப்பதற்கு இது போதுமான காரணம்.

அறிகுறி: பாசிட்டிவ் வருகிறது, களத்து மாதிரி வரவில்லை

காட்டு மாதிரியில் வேலை செய்கிறவர் அதிகம் சந்திப்பது இதைத்தான். நான்கு காரணங்கள் இருக்க முடியும்: டிஎன்ஏ இல்லை; இருக்கிறது, ஆனால் நொறுங்கிப்போயிருக்கிறது; முழுதாக இருக்கிறது, ஆனால் கூடவே வந்த ஏதோ ஒன்று பாலிமரேஸைத் தடுக்கிறது; எல்லாம் சரி, பிரைமர் இந்த உயிரினத்துக்குப் பொருந்தவில்லை. நான்குக்கும் மருந்து வேறு. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றைக் கெடுக்கவும் செய்யும்.

மாதிரியைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கும் விலங்கு என்றால், தீர்ந்துபோன மாதிரிக்கு மாற்று எடுக்க மறுபடி வனத்துறை அனுமதிக்குப் போக வேண்டும். பிரித்தெடுத்த டிஎன்ஏவை இரண்டு ட்யூபாகப் பிரித்து, ஒன்றைத் தொடாமல் உறைபெட்டியில் வைத்துவிட்டு, மற்றதில் மட்டும் சோதனை செய்யுங்கள்.

தடுப்புப் பொருள் இருக்கிறதா என்ற சோதனையை முதலில் செய்யச் சொல்வேன், ஏனென்றால் அதற்கு 1 மைக்ரோலிட்டர் போதும். பாசிட்டிவ் கன்ட்ரோலுக்கு இரண்டு ட்யூப் தயார் செய்யுங்கள். ஒன்றில் வழக்கம்போல பாசிட்டிவ் டிஎன்ஏ மட்டும். மற்றதில் அதே டிஎன்ஏவோடு உங்கள் வராத மாதிரியிலிருந்து 1 மைக்ரோலிட்டர். இரண்டாவது ட்யூப் மங்கினால் அல்லது அணைந்தால், உங்கள் மாதிரிக்குள் ஒரு தடுப்பான் இருக்கிறது. மண்ணோடு வந்த ஹியூமிக் அமிலம், எச்சத்தில் இருக்கும் பித்த உப்பு, ரத்தத்தின் ஹீம், தோலின் மெலனின், இலையின் பாலிஃபீனால், நத்தையின் கோழையில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் எல்லாமே இந்த வேலையைச் செய்யும். டிஎன்ஏ கரைசல் பழுப்பாகத் தெரிந்தால் சோதனைக்கு முன்பே சந்தேகப்படலாம்.

தடுப்பான் உறுதியானால் முதல் மருந்து தண்ணீர். 10 மடங்கும் 50 மடங்கும் நீர்த்துப் போட்டுப் பாருங்கள். டிஎன்ஏ குறையும், தடுப்பானும் குறையும். ஆனால் டிஎன்ஏ ஒரு சில பிரதி இருந்தாலும் பிசிஆருக்குத் தொடங்க முடியும், தடுப்பானோ ஒரு அளவுக்குக் கீழே போனால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் அதிகம் போட்ட ட்யூப் வெறுமையாகவும் நீர்த்த ட்யூப் பளிச்சென்றும் வருகின்றன. வரவில்லை என்றதும் டிஎன்ஏவைக் கூட்டிப் போடுவது எல்லோருக்கும் வரும் முதல் யோசனை. எச்சம், மண், இலை இவற்றில் அது நேர் எதிரான பாதை. நீர்த்தலோடு போவைன் சீரம் ஆல்புமின் என்ற மாட்டு ரத்தப் புரதத்தைச் சேர்த்தால் இன்னும் நல்லது. பாலிமரேஸுக்குப் பதில் அது போய்த் தடுப்பான்களைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மைக்ரோலிட்டருக்கு 0.2 முதல் 0.4 மைக்ரோகிராம் வரை போட்டுப் பார்க்கலாம்.

அலையாத்தி இலை, முந்திரி இலை போல பாலிஃபீனால் நிறைந்தவற்றில் பின்னால் மருந்து தேடுவதைவிட முன்னாலேயே தடுப்பது மேல். இளம் இலையை எடுங்கள், பறித்ததும் சிலிக்கா ஜெல்லில் போட்டு வேகமாக உலர்த்துங்கள். பிரித்தெடுக்கும்போது சிடிஏபி பஃபரில் பிவிபியும் மெர்காப்டோஎத்தனாலும் சேருங்கள். அரைத்த உடனே சாறு பழுப்பாகிவிட்டால் பாலிஃபீனால் ஆக்சிஜனேற்றம் அடைந்து டிஎன்ஏவோடு ஒட்டிவிட்டது என்று பொருள். அந்த ட்யூபை எத்தனை முறை கழுவினாலும் பெரிதாகத் தேறாது. புது இலையிலிருந்து தொடங்குவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

தடுப்பான் இல்லை என்று தெரிந்தால் டிஎன்ஏவின் நிலையைப் பாருங்கள். பிரித்தெடுத்ததை அப்படியே 1 சதவீத ஜெல்லில் ஓட்டினால் மேலே கெட்டியாக ஒரு பேண்ட் தெரிய வேண்டும். கீழே வரை இழுபட்ட புகை மாதிரி தெரிந்தால் நொறுங்கிவிட்டது. ஒளியை வைத்து டிஎன்ஏ அளவைச் சொல்லும் நானோடிராப் கருவி காட்டும் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 260 நானோமீட்டரில் ஆர்என்ஏவும் ஒளியை உறிஞ்சும். 260/280 விகிதம் 1.8க்குப் பக்கத்தில் இருப்பது புரதம் அதிகமில்லை என்று சொல்கிறது, அவ்வளவே. 260/230 விகிதம் 2க்கு வெகு கீழே இருந்தால் கிட்டின் குவானிடின் உப்போ சர்க்கரையோ ஃபீனாலோ மிச்சமிருக்கிறது. எச்சத்தில் எண் எவ்வளவு பெரிதாக வந்தாலும் மகிழ ஒன்றுமில்லை: அதில் பெரும்பங்கு குடல் பாக்டீரியாவும் தின்ற மானும். புலியின் டிஎன்ஏ எச்சத்தின் வெளிப்பரப்பில், குடலிலிருந்து உரிந்து ஒட்டிய செல்களில் இருக்கிறது. அதனால் நடுவில் குத்தி எடுக்காமல் மேற்பரப்பைச் சுரண்டி எடுக்க வேண்டும்.

நொறுங்கிய டிஎன்ஏவை ஒட்டவைக்க முடியாது. செய்யக்கூடியது, கேட்கும் துண்டின் நீளத்தைக் குறைப்பது. 650 இணை (டிஎன்ஏவின் எழுத்துச் சோடி) நீளத் துண்டு வராத மாதிரியில் 120 இணை வரும். பழைய அருங்காட்சியக மாதிரி, வெயிலில் காய்ந்த எச்சம், சூழல் டிஎன்ஏ எல்லாவற்றுக்கும் குறுந்துண்டு பிரைமர்களே கதி. ஃபார்மலினில் கிடந்தது என்றால் டிஎன்ஏ நொறுங்கியதோடு புரதத்தோடு பிணைந்தும் இருக்கும். சாதாரண கிட்டில் எதிர்பார்ப்பு வைக்க வேண்டாம். அடுத்த களப்பயணத்துக்கு ஒன்று சொல்கிறேன்: 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனால், திசுவைப் போல 10 மடங்கு அளவு, அடுத்த நாள் பழையதைக் கொட்டிவிட்டுப் புதிது. தவளையின் உடம்பில் இருக்கும் தண்ணீரே எத்தனாலை நீர்க்கச் செய்துவிடும். டீனேச்சர்டு ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம்.

கடைசியாகப் பிரைமர். 1994இல் ஃபோல்மரும் சகாக்களும் வெளியிட்ட எல்சிஓ1490, எச்சிஓ2198 என்ற பிரைமர் சோடி, மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ மரபணுவில் 710 இணை நீளத் துண்டை எடுக்கிறது. முதுகெலும்பற்ற விலங்குகளில் வியக்கத்தக்க அளவுக்குப் பரவலாக வேலை செய்யும். அதையே தவளைக்குப் போட்டுவிட்டு வரவில்லை என்று உட்கார்ந்திருப்பவர்கள் இன்றும் உண்டு. நீர்நில வாழ்விகளில் அந்தப் பிரைமர் உட்காரும் இடமே இனத்துக்கு இனம் மாறுகிறது. 2005இல் மிகுவேல் வென்செஸும் சகாக்களும் இதைக் காட்டி, தவளைகளுக்கு 16எஸ் மரபணுவைப் பரிந்துரைத்தார்கள். 16எஸ்ஏஆர், 16எஸ்பிஆர் பிரைமர் சோடியில் சுமார் 550 இணை நீளத்தில் பேண்ட் வரும். பாலிமரேஸ் நீட்டத் தொடங்கும் பிரைமரின் 3' முனையில் ஒரே ஓர் எழுத்து பொருந்தாவிட்டாலும் அது தொடங்கத் தயங்கும். மறுமுனையான 5' முனையில் இரண்டு மூன்று பிசகினாலும் சமாளித்துக்கொள்ளும். சந்தேகம் வந்தால் நெருங்கிய இனங்களின் வரிசைகளை இறக்கி அடுக்கி, அந்த முனையைக் கண்ணால் பாருங்கள்.

இரண்டு சின்ன விஷயங்களும் இங்கே சேரும். ஜெல் குழியில் விட்ட மாதிரி மேலே மிதந்து வெளியேறினால் டிஎன்ஏவில் எத்தனால் மிச்சமிருக்கிறது. மூடியைத் திறந்து சிறிது நேரம் உலரவிடுங்கள். டிஎன்ஏவை டிஇ பஃபரில் கரைத்து அதை நிறைய ஊற்றினால் அதிலிருக்கும் இடிடிஏ மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அறிகுறி: நிறைய பேண்ட், அல்லது கீழே ஒரு மங்கல் பட்டை

100 இணைக்கும் கீழே மங்கலாக ஒன்று, பிளாங்கிலும் அதே என்றால், பிரைமர்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருகிய பிரைமர் டைமர். பிரைமர் அளவைக் குறையுங்கள். எதிர்பார்த்ததோடு வேறு நீளங்களிலும் பேண்ட் வந்தால் அனீலிங் வெப்பநிலையை 2 டிகிரி வீதம் ஏற்றுங்கள், அல்லது உயரத்தில் தொடங்கி ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் இறங்கும் டச்டவுன் முறையைப் பயன்படுத்துங்கள். குழியிலிருந்தே புகையாக இறங்கினால் டிஎன்ஏ அதிகம், அல்லது சுற்றுகள் அதிகம். இதற்கு மேல் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

அறிகுறி: பிளாங்கில் பேண்ட்

இதைப் பார்த்தும் "மாதிரி பேண்ட் இதைவிடக் கெட்டியாகத்தானே இருக்கிறது" என்று மேலே போவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. எண்ணிக்கையைக் கொஞ்சம் யோசியுங்கள். 500 இணை நீளத் துண்டு, மைக்ரோலிட்டருக்கு 20 நானோகிராம் என்றால் அந்த ஒரு மைக்ரோலிட்டரில் சுமார் 3,700 கோடி பிரதிகள் இருக்கின்றன. முடிந்த பிசிஆர் ட்யூபின் மூடியைத் திறக்கும்போது தெறிக்கும் கண்ணுக்குத் தெரியாத துளியில் லட்சக்கணக்கில் போகும். எச்சத்தில் அல்லது குளத்து நீரில் நீங்கள் தேடுவதோ சில பத்துப் பிரதிகள்.

எக்ஸ்ட்ராக்‌ஷன் பிளாங்கில் மட்டும் வந்து பிசிஆர் பிளாங்க் சுத்தமாக இருந்தால், அசுத்தம் பிரித்தெடுக்கும் கட்டத்தில் நுழைந்திருக்கிறது: பஃபர், புரோட்டினேஸ் கே, கத்திரி, அல்லது பக்கத்து ட்யூப். இரண்டிலும் வந்தால் பிசிஆர் பொருட்களில் ஒன்று. ஒவ்வொரு பொருளையும் திறக்காத புதியதால் மாற்றி, ஒரு நேரத்தில் ஒன்று என்று தேடலாம். ஆனால் சிறு சிறு ட்யூபாகப் பிரித்து வைக்கும் பழக்கம் இருந்தால், எல்லாவற்றையும் ஒரே அடியாகக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது மலிவு. அந்தப் பேண்டை ஒரு முறை வரிசை பார்க்கவும் செய்யுங்கள். மனிதன் என்று வந்தால் கையுறை, பேச்சு, தும்மல். பசு அல்லது பன்றி என்று வந்தால் வேதிப்பொருள்களே காரணமாக இருக்கலாம். சென்ற மாதம் நீங்கள் பெருக்கிய அதே தவளை என்று வந்தால் உங்கள் அறையே அசுத்தம்.

தீர்வு இடத்தைப் பிரிப்பதுதான். பிசிஆருக்கு முந்தைய வேலைக்கு ஒரு அறை, அதற்கென்றே பிப்பெட், ஃபில்டர் வைத்த டிப், தனிக் கோட்டு. ஜெல் ஓட்டும் அறைக்குப் போனவர் அன்றைக்குத் திரும்பி வரக் கூடாது. இரண்டு அறைக்கு வசதியில்லாத கல்லூரிகளில் ஒரு மூலையில் யுவி விளக்கு வைத்த சிறு பெட்டியும், காலையில் பிசிஆர் போடுவது, மாலையில் ஜெல் ஓட்டுவது என்ற ஒழுங்கும் கணிசமாக உதவும். மேசையை 10 சதவீத பிளீச்சால் துடைத்து, பிறகு தண்ணீரால் துடையுங்கள். ஒரு எச்சரிக்கை: குவானிடின் கலந்த கிட் பஃபர்கள் சிந்திய இடத்தில் பிளீச் படக்கூடாது, நச்சு வாயு வரும். கழிவுப் புட்டியிலும் இரண்டையும் சேர்க்காதீர்கள்.

இந்த விஷயத்தில் கவனக்குறைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1994ஐப் பார்க்கலாம். 8 கோடி ஆண்டு பழைய எலும்புத் துணுக்கிலிருந்து டிஎன்ஏ எடுத்துவிட்டதாக சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. டைனோசராக இருக்கலாம் என்று உலகம் பேசியது. வரிசை எந்த உயிரினத்தோடும் ஒட்டாமல் விநோதமாக இருந்தது. அடுத்த ஆண்டே, பண்டைய டிஎன்ஏ ஆய்வாளர் ஸ்வாந்தே பேபோ இடம்பெற்ற குழு, அதைப் போன்ற வரிசைகளை மனித டிஎன்ஏவிலிருந்தே எடுத்துக் காட்டியது. மனிதனின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து என்றோ உட்கருவுக்குள் போய் ஒட்டிக்கொண்டு, அங்கே தனியாக மாறிப்போன துண்டுகள் அவை. அசுத்தத்தோடு நம்ட் என்ற இன்னொரு சிக்கலும் சேர்ந்த கதை இது. நம்ட் பற்றிக் கீழே வருகிறது.

அறிகுறி: வரிசை குழம்பி வருகிறது

ஒவ்வொரு எழுத்தையும் ஒரு முகடாகக் காட்டும் குரோமட்டோகிராமைத் திறந்து, எந்த இடத்தில் குழப்பம் என்று முதலில் பாருங்கள். எழுத்து வடிவில் வரும் கோப்பை மட்டும் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

முதல் 30, 40 எழுத்து மங்கலாக இருப்பது வரிசை படிக்கும் சேங்கர் முறையின் இயல்பு, வெட்டிவிடுங்கள். தொடக்கத்தில் அகலமாக ஒரு மேடு எழுந்து பல எழுத்துகளை மூடினால் கழுவாமல் மிஞ்சிய சாயம். நன்றாக வந்துகொண்டிருந்த வரிசை, வரிசையாக எட்டு பத்து டி எழுத்துகளுக்குப் பிறகு குழம்பினால் பாலிமரேஸ் வழுக்கியிருக்கிறது. எதிர்ப்பக்கப் பிரைமரால் படித்து இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். அப்படி ஒரு எழுத்துத் தொடரே இல்லாமல், உட்கரு மரபணுவில் ஓரிடத்திலிருந்து கடைசிவரை இரட்டை முகடு என்றால், தாய் வழிப் பிரதியிலும் தந்தை வழிப் பிரதியிலும் நீளம் வேறு, பிழையே இல்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாக இரண்டு பக்க வாசிப்பிலும் ஒரே இடத்தில் சம உயர இரட்டை முகடு வந்தாலும் அது அந்த விலங்கின் உண்மையான வேற்று அல்லீல், அதாவது தாயிடமும் தந்தையிடமும் இருந்து வந்த மரபணு வடிவங்கள் இரண்டும் வேறு. அதை "சுத்தம்" செய்து ஒரு எழுத்தாக்கிவிட்டால் நீங்கள் தேடிப்போன மரபு வேறுபாட்டையே அழித்துவிடுகிறீர்கள்.

மைட்டோகாண்ட்ரியா வரிசையில் தொடக்கத்திலிருந்தே எங்கும் இரட்டை முகடு என்றால் ட்யூபில் இரண்டு வகை டிஎன்ஏ இருக்கிறது. இரையும் வேட்டையாடியும் கலந்திருக்கலாம், இரண்டு மாதிரி கலந்திருக்கலாம், நம்ட் ஆகவும் இருக்கலாம்.

அறிகுறி: வரிசை கண்ணாடி மாதிரி சுத்தம், ஆனால் பொருள் சரியில்லை

இங்கிருந்து வரும் பிழைகளை ஜெல் காட்டாது. சிஓஐ போன்ற புரதம் தரும் மரபணுவாக இருந்தால், வரிசையை அமினோ அமிலமாக மொழிபெயர்த்துப் பாருங்கள். நடுவில் நிறுத்தக் குறி வந்தால் ஏதோ தவறு. ஆனால் அதற்கு முன் சரியான மரபுக் குறியீட்டு அட்டவணையைத் தேர்ந்தெடுத்தீர்களா என்று பாருங்கள். பொது அட்டவணையில் நிறுத்தக் குறியான யுஜிஏ, விலங்கு மைட்டோகாண்ட்ரியாவில் டிரிப்டோஃபேன். முதுகெலும்பிகளின் மைட்டோகாண்ட்ரியாவில் நிறுத்தமான ஏஜிஏ, பூச்சிகளில் செரீன். வெட்டுக்கிளிக்குத் தவளையின் அட்டவணையைப் போட்டால் பொய் நிறுத்தம் வரிசையாக வரும். மூன்று மூன்று எழுத்தாகப் படிக்க எந்த எழுத்தில் தொடங்குவது என்ற சட்டகம் மூன்றையும் சோதியுங்கள்.

அட்டவணை சரி, சட்டகமும் சரி, அப்போதும் நிறுத்தம் வருகிறது அல்லது ஓர் எழுத்து விடுபட்டுச் சட்டகம் உடைகிறது என்றால் நம்ட் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பெயர் 1994இல் வீட்டுப் பூனையை ஆராய்ந்தபோது வந்தது. பூனையின் மைட்டோகாண்ட்ரியாவில் ஏறக்குறைய பாதி, 7,900 இணை நீளத் துண்டு, உட்கரு நிறமூர்த்தத்தில் போய் உட்கார்ந்து, 38 முதல் 76 முறை அடுத்தடுத்துப் பெருகியிருக்கிறது. புலி, சிறுத்தை வேலை செய்கிறவர்கள் இதை மறக்கவே கூடாது. வெட்டுக்கிளிகளிலும் நம்ட் மிகுதி. நிறுத்தக் குறி இல்லாத நம்ட்களும் உண்டு, அவைதான் கடினம். ஒரு இனத்துக்குள் இரண்டு கொத்து வரிசை வந்து "புது இனம்" என்று தோன்றும்போது இந்தச் சந்தேகத்தைத் தீர்க்காமல் நகர வேண்டாம். மைட்டோகாண்ட்ரியா நிறைந்த தசையிலிருந்து மறுபடி எடுங்கள். பறவையில் ரத்தம் வேண்டாம்: அதன் சிவப்பணுவில் உட்கரு இருக்கிறது, மைட்டோகாண்ட்ரியா குறைவு, நம்ட் முந்திக்கொள்ளும். பல ஆயிரம் இணை நீளத் துண்டை முதலில் பெருக்கி, அதற்குள் உங்கள் சிறு துண்டை எடுப்பது நம்பகமான வழி, ஏனென்றால் அவ்வளவு நீளமாக நம்ட் இருப்பது அரிது. ஆனால் மேலே சொன்ன பூனையில் அதுவே இருக்கிறது என்பதால், பூனைக் குடும்பத்துக்கு அந்தப் பகுதியின் வெளியே உட்காரும் பிரைமர்களைத் தேடுங்கள்.

பூச்சியிலிருந்து எடுத்த சிஓஐ வரிசை பாக்டீரியா என்று வந்தால் வோல்பாக்கியாவாக இருக்கலாம். பூச்சியின் செல்லுக்குள்ளேயே வாழும் அதன் சிஓஐ மரபணுவையும் அதே பிரைமர்கள் பிடித்துவிடும். மாதிரி வீணில்லை, பிரைமரை மாற்றுங்கள்.

வரிசையைப் பொதுத் தரவுத்தளத்தோடு ஒப்பிடும் பிளாஸ்ட் தேடலில் 100 சதவீதம் பொருந்தியதும் வேலை முடிந்தது என்று நினைப்பது இன்னொரு பொறி. தரவுத்தளத்தில் பெயர் தவறாக ஏற்றிய வரிசைகள் உண்டு. முதல் ஒன்றை மட்டும் பார்க்காமல் முதல் இருபதையும் பாருங்கள். ஒரே இனப்பெயர் பல ஆய்வகங்களிலிருந்து, பாதுகாத்துவைத்த உடல் மாதிரியின் எண்ணோடு வந்திருந்தால் நம்பலாம். எதோடும் நெருங்காமல் நிற்கிறது என்றால் உடனே குப்பை என்று தள்ளவும் வேண்டாம். இடுக்கியில் கிடைத்து 2003இல் விவரிக்கப்பட்ட நாசிகாபட்ராகஸ் என்ற ஊதாத் தவளைக்கு இந்தியாவில் நெருங்கிய உறவே கிடைக்கவில்லை. மைட்டோகாண்ட்ரியா, உட்கரு மரபணுக்கள் இரண்டும் சேர்ந்து கடலுக்கு அப்பால் சீஷெல்ஸ் தீவுத் தவளைகளைக் காட்டின. அப்படிச் சொல்ல ஒரு மரபணு போதாது, பல வேண்டும் என்பதைக் கவனியுங்கள்.

அறிகுறி: மைக்ரோசாட்டிலைட்டில் ஒற்றை அல்லீல் விலங்குகள் அளவுக்கு மீறி

மைக்ரோசாட்டிலைட் என்பது சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும், விலங்குக்கு விலங்கு நீளம் மாறும் டிஎன்ஏ பகுதி; ஒற்றை அல்லீல் என்றால் இரண்டு பிரதியும் ஒரே வடிவம். எச்சத்தை வைத்துத் தனி விலங்குகளை எண்ணுகிறவர்களுக்கு இதுதான் மிகவும் விலை உயர்ந்த பிழை. டிஎன்ஏ மிகக் குறைவாக இருக்கும்போது, இரண்டு அல்லீலில் ஒன்று தற்செயலாகப் பெருகாமல் போய்விடும். வேற்று அல்லீல் கொண்ட புலி அந்த லோகஸில் (சோதிக்கும் டிஎன்ஏ இடத்தில்) ஒற்றை அல்லீல் புலியாகத் தெரியும். அதே புலியின் இன்னொரு எச்சம் சரியாக வந்தால், கணக்கில் இரண்டு புலி. காட்டில் இல்லாத விலங்குகள் அறிக்கையில் பிறக்கின்றன.

எந்த வடிவில் குறை வருகிறது என்பதே காரணத்தைச் சொல்லும். எல்லா விலங்கிலும் ஒரே ஒரு லோகஸ் மட்டும் ஒற்றையாக வந்தால், அந்தப் பிரைமர் உட்காரும் இடத்தில் மாற்றம், அதனால் ஒரு அல்லீல் எப்போதும் தெரிவதில்லை; லோகஸை விடுங்கள் அல்லது பிரைமரை மாற்றுங்கள். தரம் குறைந்த மாதிரிகளில் மட்டும், லோகஸ் மாறி மாறி வந்தால் அல்லீல் விடுபடல். ரத்தம், தசை போன்ற நல்ல மாதிரியிலும் எல்லா லோகஸிலும் வந்தால் ஆய்வகத்தில் தேடாதீர்கள்: இரண்டு தனித்தனிக் கூட்டங்களை ஒன்றாகக் கலந்துவிட்டீர்கள், அல்லது உண்மையிலேயே உள்ளினப் பெருக்கம் நடக்கிறது.

விடுபடலுக்கு ஒரே மருந்து, ஒரே டிஎன்ஏவைத் தனித்தனி ட்யூபில் பல முறை பெருக்குவது. 1996இல் பியர் தபெர்லேயும் சகாக்களும் முன்வைத்த முறை இது. ஒரு அல்லீல் குறைந்தது இரண்டு ட்யூபிலாவது தெரிந்தால்தான் ஏற்க வேண்டும். ஒற்றை அல்லீல் என்று முடிவு செய்ய அதைவிட நிறைய ட்யூப் வேண்டும். செலவு கூடும்தான். எச்சங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டாலும் இந்தத் திரும்பச் செய்தலைக் குறைக்காதீர்கள். அளவில் 1 இணை தள்ளி இரட்டை முகடு வந்தால் அது அல்லீல் கிடையாது, டாக் பாலிமரேஸ் கடைசியில் ஒட்டும் அடினின். கடைசி நீட்டிப்பை 30 நிமிடம் ஆக்கினால் எல்லாத் துண்டுகளும் ஒரே மாதிரி ஆகிவிடும்.

ஒற்றை அல்லீல் எப்போதுமே பிழை என்று நினைத்துவிடவும் கூடாது. ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் உடம்பெல்லாம் கரும்பட்டை விரிந்த புலிகள் இருக்கின்றன. மரபியலாளர் உமா ராமகிருஷ்ணன் குழு 2021இல் அதன் காரணத்தை டாக்பெப் என்ற மரபணுவின் ஒற்றை எழுத்து மாற்றம் என்று கண்டது. கறுத்த புலிகள் அந்த மாற்றத்தை இரண்டு பிரதியிலும் சுமந்தன. ஒடிசாவின் நந்தன்கானன் உயிரியல் பூங்காவிலும் சென்னை வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவிலும் இருக்கும் உறவுப் புலிகளில் மரபுவழியைத் தொடர்ந்து பார்த்தும், காட்டில் கிடைத்த மாதிரிகளைப் பார்த்தும் இதை உறுதி செய்தார்கள். தனிமைப்பட்ட சிறு கூட்டத்தில் அபூர்வ மாற்றம் பரவியிருக்கிறது என்பதே அவர்கள் முடிவு. உங்கள் தரவில் ஒற்றை அல்லீல் மிகுந்தால் அது உண்மையா பிழையா என்று பிரித்துச் சொல்வது, மேலே சொன்ன ட்யூப்களை நீங்கள் ஓட்டினீர்களா என்பதைப் பொறுத்தது.

அறிகுறி: பரிணாம மரம் உடலமைப்போடு முரண்படுகிறது

ஒரே ஒரு மாதிரி எங்கோ தொலைவில் நீண்ட கிளையில் நின்றால், அந்த வரிசை தலைகீழாக அடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எதிர் இழையாக மாற்றினால் பெரும்பாலும் இடத்துக்கு வந்துவிடும். இரண்டு மாதிரிகள் சரியாக ஒன்றின் இடத்தில் ஒன்று இருந்தால் ட்யூப் மாறியிருக்கிறது. 16எஸ் வரிசையில் இடைவெளிகள் நிறைந்த பகுதியில் அடுக்கலைக் கண்ணால் சரிபாருங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும், மறுபடி பிரித்தெடுத்து ஓட்டியும் அதே விடை வந்தால், மைட்டோகாண்ட்ரியா உண்மையைத்தான் சொல்கிறது, ஆனால் தன் கதையை மட்டும் சொல்கிறது. அலாஸ்காவின் அட்மிரால்டி, பாரனாஃப், சிச்சகாஃப் தீவுகளில் வாழும் பழுப்புக் கரடிகளின் மைட்டோகாண்ட்ரியா, மற்ற பழுப்புக் கரடிகளைவிடப் பனிக்கரடிக்கு நெருக்கம். பழைய கலப்பின் தடம் அது. உட்கரு மரபணுக்கள் அவற்றைப் பழுப்புக் கரடிகள் என்றே காட்டுகின்றன. பூச்சிகளில் வோல்பாக்கியாவும் இதே மாதிரி ஒரு மைட்டோகாண்ட்ரியா வகையைத் தன்னோடு இழுத்துக்கொண்டு இன எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே இரண்டு மூன்று உட்கரு மரபணுக்களை அதே மாதிரிகளில் ஓட்டி, மரங்களைத் தனித்தனியாகப் போட்டு ஒப்பிடுங்கள். ஒப்பிடும்போது ஒவ்வொரு வரிசையின் பெயரிலும் மாதிரி எண், எடுத்த இடம், பாதுகாத்த உடல் இருக்கும் சேகரிப்பின் எண் மூன்றும் இருக்க வேண்டும். வேறு ஒருவர் சந்தேகப்பட்டால் போய்த் திறந்து பார்க்க அந்தப் புட்டி ஒன்றுதான் மிஞ்சும்.